அப்பாவின் ஃபோல்டர்

இறந்துபோன அம்மாவைத் திரையில் பேசவைக்கும் நினைவுப் பதிவு வேறொரு சிஸ்டத்துக்கானது. அதை எங்கள் வீட்டு சிஸ்டத்தில் ஓடவைக்க டெக்னீஷியன் பெனாசிர் வந்திருந்தார். பதிவு தேடும் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இங்கே ஓர் இடம் காட்ட வேண்டும். ‘சமையலறை’க்கு எங்கள் சமையலறையைக் காட்டினோம். ‘மகன்’ என்றதும் என்னைக் காட்டினோம்.

“அடுத்து ‘கணவர்’னு கேக்குது சார்.”

“அப்பா போன வருஷம் தவறிட்டாரு.”

“அது காலியா இருந்தா ஓடாது. மகன் காலியா இருந்தா பரவாயில்ல, ஓடும்.”

“ரெண்டுலயும் என்னையே காட்டுங்களேன்.”

“ஒருத்தர ஒரு எடத்துலதான் காட்ட முடியும் சார்.”

என்னை ‘கணவர்’ இடத்துக்கு மாற்றச் சொன்னேன்.

திரையில் அம்மா கண் திறந்து என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, பையன் இன்னும் வரலையே. போன் பண்ணிப் பாத்தீங்களா?”

“பண்ணினேன். வந்துட்டே இருக்கான்.”