நண்டு மணக்காத ஞாயிறு

“அன்ரி, கோவிக்காதேங்கோ. உங்கடை வீடு விலைப்படாததுக்குக் காரணம் வீடில்லை. உங்கடை குசினி!”

வீட்டுத் தரகன் பிரகாஸ் இப்படிப் போட்டு உடைத்ததும் பராசக்திக்கு முகம் சுருங்கிவிட்டது. உரும்பிராயில் அவளுடைய சமையலைக் குறை சொன்ன வாய் இதுவரை இருந்ததில்லை.

“குசினியிலை என்ன பிழை, தம்பி?”

“மச்ச வாசம்! வீடு பாக்க நாலு பகுதியைக் கூட்டிக்கொண்டு வந்தன். வரேக்கை எல்லாம் மீனோ றாலோ கொதிச்சுக்கொண்டு கிடக்கும். சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுது.”

“போனமுறை வந்த மனுசி, குழம்புக்கு என்ன தூள் போட்டனீங்கள் எண்டெல்லோ கேட்டவ?”

“அது மரியாதைக்குக் கேட்டது. இஞ்சை பாருங்கோ, வாற ஞாயிறு வாறவை சுத்த சைவம். மச்சம் எண்டு சொன்னாலே எழும்பிப் போயிடுவினம். வெளிநாட்டிலை ஆக்கள் கேக் செய்து, வீடு முழுக்க மணக்கப்பண்ணித்தான் வீட்டை விக்கிறவை. நீங்கள் கோப்பி வறுங்கோ. நெய் விட்டுப் பாயாசம் காய்ச்சுங்கோ. சாம்பிராணி போடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

பராசக்தி தலையாட்டினாள். வேறு வழியில்லை. வவுனியாவில் தாதியாக இருக்கும் மகள் தயாளினி, இரட்டைப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் வேலையையே விடப்போகிறேன் என்று நிற்கிறாள். இந்த வீடு விலைப்பட்டால்தான் அவளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு போகலாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கணவர் நமசிவாயத்தின் கால்கள் தாமாகவே சந்தைக்குப் போய்விடும். அன்றும் போய்விட்டன. திரும்பி வந்தபோது கையில் ஒரு கோர்வை நண்டு, உயிரோடு.

“உங்களுக்கென்ன மூளை கழண்டு போச்சோ? இண்டைக்கு ஆர் வருகினம் எண்டு தெரியாதோ?”

“மறந்துபோனன், பராசக்தி. நல்ல சதை நண்டு... எறியவோ?”

நல்ல சதை நண்டை எறிய அவளுக்கும் மனம் வரவில்லை. கிணற்றடியில் கல் வைத்துக் கறியைக் காய்ச்சி, சட்டியை மோட்டர் அறைக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். கைகளைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்தாள். பூனையைப் பின்வளவுக்குத் துரத்திவிட்டாள்.

பிறகு வறுத்த கோப்பி, நெய்யில் பொரிந்த கஜு, சாம்பிராணி, தண்ணீர்க் கிண்ணத்தில் மல்லிகை. வீடு திருவிழாக் கோலம் கொண்டது.

பத்து மணிக்கு வான் வந்து நின்றது. முன்சீற்றிலிருந்து பிரகாஸ் குதித்தான். பின்னாலிருந்து வல்வெட்டித்துறைக் கோபிசங்கரும் மனைவி உதயகலாவும் இறங்கினார்கள். உதயகலா வானின் பின்கதவை ஒன்றுக்கு இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

“என்ன மணம் அன்ரி! கோயிலுக்குள்ளை வந்த மாதிரிக் கிடக்கு” என்றாள். முகத்தில்தான் சந்தோஷத்தைக் காணவில்லை.

“எங்கடை வீடு எப்பவும் இப்பிடித்தான், பிள்ளை” என்று பராசக்தி கூசாமல் சொன்னாள்.

“சந்தை கிட்டவோ?”

“நடந்தே போகலாம். கத்தரிக்காய், வெண்டிக்காய் எல்லாம் தோட்டத்தாலை நேரை வரும்.”

“வேறை... வேறை ஒண்டும் வராதோ?”

“ஏன் வராது? கீரை வரும்!”

உதயகலா கணவனைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

“அயலுக்குள்ளை எல்லாரும் சைவமோ?”

“ஓம் பிள்ளை. மச்சம் எண்டால் என்னெண்டே தெரியாத சனம்.”

நமசிவாயத்துக்குப் பாயாசம் புரைக்கேறியது.

கோபிசங்கர் எழுந்தார். “வீடு நல்ல வடிவு. நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்.”

பராசக்திக்குக் கேட்டுப் பழகிய பேச்சு. முன்பு வந்த நாலு பகுதியும் ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான். தயாளினியின் முகம் கண்ணுக்குள் வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பூனை வீரிட்டுக் கத்தியது. ‘ஐயோ, மோட்டர் அறை!’ பராசக்தி கிணற்றடிக்கு ஓடினாள். பூனையைக் காணவில்லை. சத்தம் முன்பக்கமிருந்து வந்தது. திரும்பி ஓடினால், அவளுக்கு முன்பே உதயகலா வாசலுக்குப் பாய்ந்திருந்தாள்.

பூனை வானின் பின்கதவில் இரண்டு கால்களையும் ஊன்றி நின்று கத்திக்கொண்டிருந்தது. அதைத் துரத்தப்போன நமசிவாயம் உதவி செய்வதாக நினைத்துக் கதவையே திறந்துவிட்டார். உள்ளே ஐஸ் போட்ட பெட்டி. மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய வால்.

“ஆகா, விளைமீன்!” என்றார், தன்னை மறந்து.

உதயகலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “குறை நினைக்காதேங்கோ அன்ரி. மச்சம் சாப்பிடுற ஆக்களுக்கு நீங்கள் வீடு குடுக்கமாட்டியள் எண்டு தரகர் சொன்னவர். அதுதான் வாயே திறக்கேல்லை. ஆனா கீரையோடை எப்பிடி அன்ரி சீவிக்கிறது?”

பராசக்தி இடுப்பிலிருந்த திறப்பை எடுத்துக்கொண்டு போய் மோட்டர் அறையைத் திறந்தாள். முருங்கையிலை போட்ட நண்டுக் கறியின் வாசம் வளவு முழுக்கப் பரவியது. கறிச்சட்டி காலியாவதற்குள் விலையும் பேசி முடிந்தது.

“அது சரி, வாறவை சுத்த சைவம் எண்டு இந்தப் பிரகாஸ் ஏன் சொன்னவன்? எங்கை அவன்?” என்றாள் பராசக்தி.

தேடிப் பார்த்தால், அவன் கேற்றுக்கு வெளியே, றோட்டின் அந்தப் பக்கத்தில், லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி! பிறந்ததிலையிருந்து மச்சம் தொடாதவன் நான். அந்த மணத்துக்குள்ளை நிக்கேலாமல்தான் ரெண்டு பகுதிக்கும் பொய் சொன்னனான். நாலு தரமும் முதல் ஓடினது நான்தான். வீடு பாக்க வந்த சனம், பாவம், என்னைப் பாத்து ‘ஏதோ பிழை’ எண்டு பின்னாலை ஓடி வந்ததுகள்!”