நாகவல்லி டைனிங் ஹால்

"அந்த ஆளு நம்ம கோர்ட்ட இடிச்சி கல்யாண மண்டபம் கட்டப் போறான். நீ இன்னாடான்னா அவன் கையால சால்வை வாங்கிகினு பல்லக் காட்ற!"

மேடை ஓரத்தில் சித்ரா சீறினாள். நாகவல்லி சால்வையைத் தடவிப் பார்த்தாள்.

"துணி நல்லா கீதுடி."

கள்ளிக்குப்பத்தின் இந்தக் கூடைப்பந்துத் திடலில்தான் இருவரும் ஆட ஆரம்பித்தார்கள். சித்ரா இங்கேயே தங்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறாள். நாகவல்லி தொழில்முறை லீக்கில் 'கார்டு' ஆடி, மூன்று கோப்பைகளோடு போன மாதம்தான் ஓய்வு பெற்றாள். கார்டு என்றால் பந்தைக் கொண்டுபோய்த் தோதான ஆளிடம் சேர்ப்பவள். இடப்பக்கம் பார்த்துக்கொண்டே வலப்பக்கம் கொடுப்பாள். எதிரணி மட்டுமல்ல, டிவி கேமராவே ஏமாறும். கூடை போட்டவளுக்குக் கைதட்டல் விழும்போது, இவள் வியர்வையைத் துடைத்தபடி திரும்பி ஓடிக்கொண்டிருப்பாள்.

பாராட்டு விழா ஃப்ளெக்ஸில் நலச்சங்கத் தலைவர் உதயகுமார் ஆளுயரத்துக்குச் சிரித்தார். வீராங்கனை அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், தபால்தலை அளவில்.

"நாகவல்லிக்கு மொத மொத பந்து புடிக்க கத்துக்குடுத்ததே நான்தான்!" என்று மைக்கில் முழங்கினார் தலைவர். அவர் அந்தப் பந்தை ஒரே ஒரு முறைதான் தொட்டிருக்கிறார், தன் கார் கண்ணாடியில் பட்டதற்காகப் பறித்துக்கொண்டபோது.

"அந்தப் பாசத்துல சொல்றேன். இங்க வரப்போற மண்டபத்துல, டைனிங் ஹாலுக்கு நாகவல்லி பேரு!"

கைதட்டல். நாகவல்லி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"எனக்கு எதுக்கு அண்ணாத்தே பேரும் கீரும்? நீங்க இல்லாங்காட்டி நான் ஏது? இந்த கோர்ட்டுக்கே உங்க பேர வெக்கணும். கல்வெட்டு வெளிய டெம்போல ரெடியா கீது."

தலைவரின் ஆட்கள் விசிலடித்தார்கள். பளபளக்கும் கருங்கல், அதில் தங்க எழுத்து: 'உதயகுமார் கூடைப்பந்து அரங்கம்'. மேலே அவர் முகமும் செதுக்கியிருந்தது, இருப்பதைவிடக் கொஞ்சம் அதிக முடியோடு. அன்றைக்கே வாசலில் சிமென்ட் பூசி நிறுத்தினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இடிக்கப் போற கோர்ட்டுக்கு அவன் பேரா? சாம்பியனாம் சாம்பியன். சரியான காக்கா!" சித்ரா நாகவல்லியிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஜேசிபி வந்துவிட்டதாகத் தகவல். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வண்டிக்குக் குறுக்கே படுத்துவிடுவது என்ற முடிவோடு சித்ரா ஓடினாள்.

அங்கே ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்தார், வெள்ளை வேட்டி சட்டையோடு.

"நீங்கதான தலைவரே வரச் சொன்னீங்கோ?" என்று டிரைவர் விழித்தான்.

"மண்டபத்த வேற எங்கனா கட்டிக்கலாம், வண்டிய எட்றா!" என்று மண்ணில் புரண்டபடி கத்தினார் உதயகுமார். "என் பேரு கீற எடத்துல எவன்டா கை வெக்கிறது?"