சாய்மானம் இல்லாத பெஞ்சு

“அம்மா, இது தண்டனை பெஞ்சு. விருந்தாளிங்க முன்னாடி உக்காரலாம்” என்றார், அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்.

“தெரிஞ்சுதான் உக்கார்றேன், அண்ணே. கொஞ்ச நேரத்துல என் தம்பி இங்கதானே வரப்போறான்? கையைப் பிடிச்சு ஊருக்கு இழுத்துட்டுப் போக இதுதான் வசதி. கதவும் பக்கம்.”

அக்கா பயணப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

தவறு செய்தவர்கள் சபையார் முன் அதை ஒப்புக்கொண்டு, சில வாரங்கள் கடைசி வரிசையில் அமர்வது அந்தத் தேவாலயத்தின் வழக்கம். அந்த பெஞ்சுக்குச் சாய்மானம் கிடையாது. இன்று தன் முறை என்று தம்பி நேற்றுத்தான் தொலைபேசியில் சொன்னான். “போதகர்தான்க்கா எனக்கு வழி காட்டினார்” என்றும் சொன்னான். அது முதல், முகம் தெரியாத அந்தப் போதகரை அவள் மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தாள்.

“அவன் வெல்டர். நாலு பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நின்னா, நாளைக்கு எவன் வேலை கொடுப்பான்? வாயில்லாப் பூச்சி கிடைச்சான்னு ஏத்திவிட்டிருக்கார் உங்க போதகர்.”

“அவரைப்பத்தி எனக்கும் இப்போ அவ்வளவு நல்ல எண்ணம் இல்லம்மா.”

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த அந்த மனிதர்மேல் அவளுக்குச் சட்டென்று ஓர் ஒட்டுதல் உண்டாயிற்று.

“நீங்க என்ன பண்ணிட்டு இங்க வந்தீங்க?”

“ஒரு பொய்யை மூடி வெச்சேன்.”

“அவ்வளவுதானா? அதுக்கெல்லாம் பெஞ்சுன்னா ஊர்ல மரமே மிஞ்சாதே!”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “அந்தப் பழி ஒரு அப்பாவி மனுஷன் தலைமேல விழுந்துடுச்சும்மா” என்றார்.

மேடையில் கண்ணாடி அணிந்த ஒருவர் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னே, உயரமான நாற்காலியில் மடித்த வெள்ளை அங்கி ஒன்று கிடந்தது. இவர்தான் போதகர், புழுக்கத்துக்குக் கழற்றி வைத்துவிட்டார் போலும் என்று நினைத்தவள், கண்ணாடிக்காரரைக் கண்ணாலேயே சுட்டெரித்தாள்.

“இந்த பெஞ்சைப் போட்டவரை ஒரு நாளாவது இதுல உக்கார வைக்கணும். அப்போ தெரியும் முதுகுவலி.”

“நியாயந்தான்” என்றார் அவர், முதுகை நீவிக்கொண்டே. “ஆனா ஒண்ணும்மா. பைபிள்ல வர்ற தாவீது, செஞ்ச பாவத்தை மூடியே வெச்சிருந்தா, வெறும் ராஜாவா வாழ்ந்து வெறும் ராஜாவாவே செத்திருப்பான். ‘பாவம் செய்தேன்’னு சொன்னதாலதான் நமக்கு ஜெபிக்க ஒரு சங்கீதப் பாட்டு கிடைச்சுது.”

“அவன் ராஜா. ஒப்புக்கிட்டாலும் அரண்மனை இருந்துது. என் தம்பிக்கு வாடகை வீடு.”

மேடையில் பாட்டு தொடங்கியது; அவரும் கூடச் சேர்ந்து பாடினார். பாட்டு முடிந்தது. தம்பி மேடையேறினான்.

“நம்ம சபையோட புதுக் கட்டடத்துல மாடிப்படிக் கைப்பிடியை வெல்டு பண்ணது நான்தான்” என்று தொடங்கியவனின் குரல் பாதியில் நின்றது.

முன்வரிசையிலிருந்து ஊன்றுகோல் ஒன்று தரையைத் தட்டியது. “சத்தமா சொல்லு தம்பி. கடைசி பெஞ்சுக்கும் கேக்கட்டும்” என்றார் அதற்குச் சொந்தக்காரர்.

தம்பி குரலை உயர்த்தினான். “திறப்பு விழா அவசரத்துல முழுசா ஓட்டாம, அங்கங்க பொட்டு மாதிரி மட்டும் பத்தவெச்சு மேல பெயின்ட் அடிச்சுட்டேன். வாட்ச்மேன் அண்ணன் அதைப் பிடிச்சுத்தான் விழுந்தார். இடுப்பு உடைஞ்சுது. குடிச்சுட்டு விழுந்தார்னு ஊரே பேசுச்சு, வேலையும் போச்சு. அவர் குடிக்கல. தப்பு என்னோடது. எனக்குத் தெரிஞ்சும் வெளிய வாயைத் திறக்கல.”

ஊன்றுகோல் மறுபடி தட்டவில்லை. அதைப் பிடித்திருந்த வாட்ச்மேன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பேர் திரும்பக் கிடைத்தவனின் அழுகை அது என்பது அக்காவுக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் இரட்டிப்பாயிற்று. இவ்வளவையும் இந்தச் சிறுவயதுக்காரன் ஒருவனாகவா சுமப்பது?

தம்பி மேடையிலிருந்து இறங்கி, இரு பக்கமும் திரும்பிய முகங்களுக்கு நடுவே நடந்து வந்தான். அவள் பையோடு எழுந்தாள்.

“வாடா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. உன்னை மாட்டிவிட்டவர் மேடையில சொகுசா நிக்கிறார், உனக்கு மட்டும் என்ன தலையெழுத்து?”

தம்பி கதவைப் பார்க்கவில்லை. பெஞ்சிலிருந்தவர் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். அவன் அங்கே போய் உட்கார்ந்தான். அவர் அவன் தோளில் கை போட்டார்.

“மேடையில நிக்கிறவர் போதகர் இல்லக்கா, பாட்டு வாத்தியார்” என்றான் தம்பி. “நான் போய் உண்மையைச் சொன்னப்போ, ‘புதுக் கட்டடம், சபை பேர் கெட்டுடும், வெளிய சொல்லாதே’ன்னு என்னைத் தடுத்து, வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பின போதகர் இதோ இவர்தான். போன வாரம் அதை எல்லார் முன்னாடியும் சொல்லி, என் பேரை மட்டும் சொல்லாம, அங்கியைக் கழட்டி நாற்காலியில வெச்சுட்டு, எனக்கு முன்னாடியே இந்த பெஞ்சுல வந்து உக்காந்தவரும் இவரேதான்.”