மில் காலனியில் ஒரு சாயங்காலம்

அமலுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்ததும், அவன் மனைவி ஜெசிந்தா முன்னோட்டக் கண்ணாடியை வாடகைக்கு எடுத்துவந்தாள். எந்தப் பகுதியில் குடியேறினால் அடுத்த வருஷ வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டே அதை மாட்டிப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு பகுதிக்கும் அது நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கும் போடும்.

தொண்ணூற்றாறு மார்க் வாங்கிய ஏரிக்கரை நகரில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. மகள் ரெனிட்டா தன் அறையில் சமர்த்தாகப் படித்துக்கொண்டிருந்தாள். எந்தச் சாயங்காலத்தைத் திறந்தாலும் அதே அறை, அதே சாத்திய கதவு.

மில் காலனிக்கு நாற்பத்தொன்றுதான். ‘குழந்தை வீட்டில் இல்லை’ என்று எச்சரிக்கை சிவப்பாக மின்னியது. அறையில் இல்லை, மொட்டைமாடியிலும் இல்லை.

“ஏங்க, பிள்ளையக் காணோம்!” என்று அலறினாள் ஜெசிந்தா.

“இங்கதான இருக்கா,” என்றான் அமல் அலுப்புடன். “ஒரு மணி நேரமா அரைத் தோசைய வாயில அடக்கி வச்சிக்கிட்டு.”

அதற்குள் கண்ணாடியில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தோசைக்கரண்டியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, பாப்பா இங்கதானுங்க இருக்குது. இன்னொரு தோசை வேணுமாமா. தின்னுட்டு வரட்டுமுங்க.” அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் கூட்டமாகச் சிரித்தார்கள். அதில் ரெனிட்டாவின் சிரிப்பும் இருந்தது.

சிவப்பு எச்சரிக்கை மின்னிக்கொண்டே இருக்க, ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினாள்.

“மில் காலனியிலயே வீடு பாருங்க.”

“அதுக்கு மார்க்கே இல்லையே, ஜெசி?”

“இல்லாட்டிப் போகுது. அங்க இவ இன்னொரு தோச கேக்கா.”