பெரிய பாலைவனம்

நுரை பூசிய தாடையில் கத்தியை வைக்கப் போகும் நேரத்தில் சலூன்காரரின் போன் அடிக்கிறது. டிவி வினாடி வினா நடத்துகிறவளின் குரல் ஸ்பீக்கரில் குழைகிறது. "உங்க அண்ணன் ஒரு கேள்வியில மாட்டிக்கிட்டு நிக்கிறார். உங்களுக்கு முப்பது வினாடிதான்." அப்பா சாகக் கிடந்தபோது எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்காத அண்ணன். "தம்பி, உலகத்துலயே பெரிய பாலைவனம் சஹாராவா, அண்டார்டிகாவா? சீக்கிரம் சொல்லுடா." நல்லா இருக்கியா என்று ஒரு வார்த்தை இல்லை. மறுமுனையில் கடிகாரம் டிக் டிக்கென்கிறது. கத்தியில் பட்ட மாலை வெயில் கூரையில் விழுந்து நடுங்குகிறது. "சஹாரா." "நிச்சயமாவா?" "நிச்சயம்ண்ணே." "நீ சொன்னா தப்பாதுடா. சின்ன வயசுலேர்ந்தே நீதான..." நேரம் முடிந்து இணைப்பு அறுகிறது. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் நுரைக்குள்ளிருந்து வாயைத் திறக்கிறார். "பனி மூடிக் கிடந்தாலும் மழையே பெய்யாது, அதனால அண்டார்டிகாதான் பெரிய பாலைவனம்னு போன தடவை நீங்கதானே சொன்னீங்க?" சலூன்காரர் கத்தியைத் துண்டில் துடைக்கிறார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைக்கிறார். "வாயை அசைக்காதீங்க சார், வெட்டிடும்."