ஆறு மாசத்துக்கு ஒரு போர்டு

"ஆறு மாசத்துல செஞ்சது இதுதானா?"

ஆசிரியை கேட்ட தொனியிலேயே மதிப்பெண் தெரிந்துவிட்டது.

டிசைன் கல்லூரியின் கடைசி வருடக் கண்காட்சி. பக்கத்து மேஜைகளில் சென்ட் பாட்டில்களும் ஆல்பம் அட்டைகளும் ஜொலித்தன. அந்த மாணவியின் சுவரில் இருந்தது ஒரே ஒரு போர்டு. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து: 'அவசர சிகிச்சை'. கீழே தடியாக ஓர் அம்புக்குறி.

"கற்பனைன்னு ஒண்ணு வேண்டாமா?"

"படிக்க முடிஞ்சா போதும் மேடம்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. இன்னிக்கு வேலைக்கு ஆள் எடுக்க வர்றாங்க. அவங்ககிட்டயாவது அடக்கமா பேசு."

வந்தவர் பெரிய டிசைன் நிறுவனம் ஒன்றின் இயக்குநர். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மஞ்சள் போர்டு முன்னால் நின்றுவிட்டார்.

"இதுக்கு ஆறு மாசமா?"

"நாலு மாசம் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னேன் சார். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாட்ச்மேன்கிட்ட வழி கேக்கறாங்கன்னு எண்ணினேன். இருநூறு பேருக்கு மேல. இதே மாதிரி ஒண்ணை அங்கே மாட்டின பிறகு பதினோரு பேர்."

"மாட்ட விட்டாங்களா?"

"எட்டுத் தடவை திருப்பி அனுப்பினாங்க. ஒன்பதாவது தடவை என்னைப் பாத்ததும், 'மாட்டித் தொலைம்மா'ன்னுட்டாங்க."

இயக்குநர் சிரித்துவிட்டார்.

"அடுத்து என்ன உத்தேசம்?"

"இந்த ஊர்ல இன்னும் ஆறு ஆஸ்பத்திரி இருக்கு சார்."

ஆசிரியை தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"இது எந்த ஆஸ்பத்திரி?" என்றார் இயக்குநர்.

"பாலத்துக்குப் பக்கத்துல இருக்கறது."

"அட, அங்கே பழைய போர்டெல்லாம் நாங்க செஞ்சதாச்சே. கண்ணாடி மேல வெள்ளி எழுத்து. விருதுகூட வாங்கினோம்."

"தெரியும் சார்."

ஆசிரியைக்கு வியர்த்தது. "அவ விவரம் தெரியாத பொண்ணு சார், நீங்க தப்பா..."

"இருங்க மேடம்." அவர் அவள் பக்கம் திரும்பினார். "எங்க போர்டை நல்லா பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன். அதைப் பாத்த பிறகுதான் இந்தப் படிப்புலயே சேரணும்னு தோணிச்சு."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. ஆசிரியை அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"அப்படி என்னம்மா பாத்தே அதுல?"

"வெயில்ல கண்ணாடி பளபளன்னு ரொம்ப அழகா இருந்துது சார். எழுத்துதான் தெரியல." அவள் குரல் உயரவே இல்லை. "நானும் அம்மாவும் எதிர்ப்பக்கமா ஓடிட்டோம். எங்கப்பாவோட கடைசி அஞ்சு நிமிஷம் அதுலயே போயிடுச்சு."