பனையடியில் ஒரு தோடு

உலோகம் தேடும் டிடெக்டரின் வட்டத் தட்டு அம்சவேணியின் தங்கத் தோட்டுக்கு நேர் மேலே போனது. பாலா நிற்கவில்லை.

காதில், உலோகம் கண்டால் கீச்சிடும் ஹெட்போன்; முழங்கால்வரை தூக்கிக் கட்டிய லோஞ்சிக் கைலி. உளுந்து அறுத்த வயலில், பனைமரத்தடியைத் தாண்டி அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

வரப்பில் நின்ற அம்சவேணி எட்டி எட்டிப் பார்த்தாள்.

தோட்டை நேற்றுச் சாயங்காலம் அவளேதான் புதைத்தாள். அடையாளத்துக்கு ஒரு குச்சியையும் செருகி வைத்திருந்தாள். நாளை விடிந்தால் உழவு டிராக்டர் வருகிறது. உழுத பிறகு தோடு எங்கே போகும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். உழுத பிறகு பாலாவுக்கும் இந்தக் கியாக்தான் ஊர்ப் பக்கம் வர ஒரு வேலையும் இருக்காது.

பட்டணத்தில், தின்கன்ஜூன் பேட்டையில் ரேடியோ, ஃபேன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிற பாலா, ஞாயிறானால் பஸ் பிடித்து இந்த வயலுக்கு வந்துவிடுவான். பழைய காசு, பழைய நகை தேடுவதில் அவனுக்கு ஒரு கிறுக்கு. முதலில் வந்ததென்னவோ காசுக்குத்தான். பிறகு எதற்கு வந்தான் என்பது வரப்பில் மேய்கிற வாத்துக்குக்கூடத் தெரியும்.

அம்சவேணியின் அப்பா மாரிச்சாமிக்கு மட்டும் தெரியாது. கொட்டகையில் சுருட்டும் கையுமாக உட்கார்ந்தபடி, "காசு கெடச்சுதா தம்பி?" என்று ஒரு குரல் கொடுப்பார். அவர் கவலை அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் கிடைத்ததெல்லாம் துருப்பிடித்த ஆணியும் சோடா மூடியும். வயலைக் குண்டும் குழியுமாக்கியதுதான் மிச்சம் என்று மாரிச்சாமி முணுமுணுத்தார். இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அம்சவேணி பயந்தாள்.

அதனால்தான் திஞ்சான் தண்ணீர்ப் பண்டிகை முடிந்த கையோடு அந்தக் காரியத்தைத் தொடங்கினாள்.

பூட்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சேர்த்த, வெள்ளைக்கார ராஜா தலை போட்ட செப்புக் காசுகள் கொஞ்சம் வீட்டு டப்பாவில் கிடந்தன. சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றை எடுத்துப்போய், அடையாளம்கூட வைக்காமல் வயலில் எங்கேயாவது புதைப்பாள். ஞாயிற்றுக்கிழமை பாலா ஒன்றைத் தோண்டி எடுப்பான். மாரிச்சாமி அதைத் துடைத்துச் சாமி மாடத்தில் வைப்பார். மீன் குழம்பு சாப்பிடாமல் போகக் கூடாது என்று பாலாவைப் பிடித்து உட்கார வைப்பார். பூட்டன் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் ஒரு காலத்தில் இளவட்டம்தானே.

இப்போது டப்பா காலி.

மிச்சமிருந்தது காதுத் தோடு. காசு கிடைத்தால் அப்பா கைக்குப் போய்விடும். தோடு கிடைத்தால் அவள் கையில்தானே கொடுக்க வேண்டும்? அப்போதாவது அந்த மனிதன் வாயைத் திறந்து ஏதாவது சொல்ல மாட்டானா? இந்த நப்பாசையில்தான் ஒரு காதை மூளியாக்கிக்கொண்டு, கூந்தலை அந்தப் பக்கம் சரியவிட்டு நிற்கிறாள்.

பாலா திரும்பி வந்தான். தட்டு குச்சியை உரசிக்கொண்டு போனது. இந்தத் தடவையும் நிற்கவில்லை.

கொஞ்சம் தள்ளிப்போய்க் குனிந்தான். தோண்டினான். மண்ணை ஊதிவிட்டு ஒரு செப்புக் காசைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

அம்சவேணிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வாரம் அவள் காசே புதைக்கவில்லை.

விறுவிறுவென்று அவனிடம் போனாள். ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். காசைப் பிடுங்கித் தட்டின் மேல் போட்டாள்.

ஒரு சத்தமும் இல்லை.

பாலாவின் முகம் தனக்கா மரச்சாந்து பூசாமலே வெளுத்துப்போனது.

மென்று விழுங்கி உண்மையைச் சொன்னான். திஞ்சானன்று அவள் ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையில் கொட்டினாளே, அதில் மெஷினும் குளித்துவிட்டது. அன்றைக்கு அடங்கியதுதான். ஊரில் இருக்கிற ரேடியோவையெல்லாம் பேச வைத்தவனால் இதை மட்டும் பேச வைக்க முடியவில்லை. செத்த மெஷினோடு வந்தால் அவள் அப்பா வயலில் சேர்ப்பாரா? அதனால் வாராவாரம் பட்டணத்து லத்தா தெரு நடைபாதைக் கடையில் ராஜா தலை போட்ட ஒரு பழங்காசு வாங்கி, லோஞ்சி மடியில் செருகிக்கொண்டு வந்தான். குனிகிற சாக்கில் குழிக்குள் நழுவவிட்டு எடுத்தான்.

அம்சவேணி கோபப்படத்தான் பார்த்தாள். சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை ஞாயிறும் இந்த மனிதன் காசுக்காக வரவில்லை என்று நினைத்ததும் மனசு நிறைந்துபோனது.

அவனைப் பனைமரத்தடிக்குக் கூட்டிவந்து குச்சியைக் காட்டினாள்.

"இங்க தோண்டுங்க, கோ பாலா," என்று ஊர் வழக்கப்படி 'கோ' போட்டு மரியாதையாகச் சொன்னாள்.

தோண்டினான். தோடு வந்தது. பாலா தோட்டைப் பார்த்தான், கூந்தல் விலகிய மூளிக் காதைப் பார்த்தான். புரிந்துவிட்டது. தோட்டை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, என் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து பெண் கேட்கட்டுமா என்று ஒரு வழியாகக் கேட்டான்.

அம்சவேணி தலையாட்டினாள். அப்புறம் தன் டப்பாக் கதையையும் சொன்னாள். பாலா கணக்குப் போட்டுப் பார்த்து விழித்தான். சாமி மாடத்தில் இருப்பதெல்லாம் லத்தா காசு என்றால், அவள் புதைத்த காசெல்லாம் எங்கே?

அவள் கால் கட்டைவிரலால் மண்ணைத் தட்டிக் காட்டினாள். பூட்டன் காசு ஒன்றுவிடாமல் வயலுக்குள்ளேயே கிடக்கிறது.

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொட்டகைப் பக்கம் இருமல் கேட்டதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்று அம்சவேணி தோட்டைக் கைக்குள் இறுக்கி மறைத்தாள். பாலா அவசரமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

வழக்கம்போல் மாரிச்சாமியின் குரல் வந்தது.

"தோடு கெடச்சுதா, மாப்ள?"